நிலாவிடம் சொன்ன புகார்

பாரீஸில் ஒரு ஓபரா அரங்கம். மேடையில் ஒரு பாடகரும் பாடகியும் காதல் பாட்டு பாடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கனத்த உடம்பு, நடுத்தர வயது. மேடையை விட்டு இறங்கினால் ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாது. அதே மேடையில், தட்டியில் செய்த செடிகொடிகளுக்குப் பின்னால், ஓர் இளைஞனும் அவனுக்கு நிச்சயமான பெண்ணும் எக்குத்தப்பாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திரை தூக்கியாயிற்று. எழுந்து ஓடினால் மொத்தச் சபையும் பார்த்துவிடும். வாய் திறந்தால் காதில் விழுந்துவிடும். அவளோ அவன்மேல் கடுங்கோபத்தில் இருக்கிறாள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். மேடையில் அந்தப் பெரிய உடம்புக்காரர் தன் காதலியிடம் உருகி உருகிப் பாடுகிறார். ஒளிந்திருக்கும் பையன் அந்தப் பாட்டையே தன் பாட்டாக்கிக் கண்ணாலேயே அவளிடம் சொல்கிறான். மேலிருந்து காகிதப் பூவிதழ்கள் உதிர்கின்றன. பாட்டு முடிவதற்குள் அவள் கோபம் கரைந்துபோகிறது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரெனே கிளேர் 1931இல் எடுத்த 'லெ மில்லியோன்' படத்தில் வரும் காட்சி இது. காதலையும் சிரிப்பையும் ஒரே இலையில் பரிமாறிய பழைய பிரெஞ்சுப் படங்களில் இதற்கு மேல் எனக்கு இன்னொன்று கிடையாது. கதை ரொம்பச் சின்னது. மிஷேல் ஒரு ஓவியன். மளிகைக்காரர், பால்காரர் என்று தெரு முழுக்கக் கடன். அவன் வாங்கிய டச்சு லாட்டரிச் சீட்டுக்குப் பத்து லட்சம் புளோரின் விழுந்துவிடுகிறது. சீட்டு இருப்பது ஒரு பழைய கோட்டுப் பையில். அந்தக் கோட்டை, போலீஸுக்குப் பயந்து ஓடிவந்த ஒரு கிழட்டுத் திருடனுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டாள் அவன் நிச்சயித்த பெண் பியாத்ரிஸ். அங்கிருந்து கோட்டு ஓபரா பாடகர் கைக்குப் போகிறது. படம் முழுக்க அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஊரே ஓடுகிறது. ஓபராவின் பின்கட்டில் ஆளாளுக்குக் கோட்டைப் பிடுங்கி எறிந்து ஓடும்போது, பின்னணியில் ரக்பி ஆட்டத்தின் விசிலையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் சேர்த்துவிட்டார் கிளேர். சினிமா அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தது. எல்லோரும் படத்துக்குள் வசனத்தைக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உதடு ஒன்று சொல்ல ஓசை வேறொன்று சொல்லலாம் என்று கண்டுகொண்டவர்களில் ஒருவர் அவர்.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் உட்கார்ந்துகொண்டு ரெனே கிளேரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. எங்கள் ஊருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் உள்ள பழக்கம் சினிமாவை விட மூத்தது. மதுரை மிஷனில் இருந்த பூஷே என்ற பிரெஞ்சு சேசு சபைச் சாமியார் இங்கே கோயில் எழுப்பினார், இங்கிருந்து பிரான்சுக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார். அவற்றை அங்கே அச்சுப்போட்டுப் படித்தார்கள். இன்றைக்கும் மாத்தூரிலிருந்து ஆவூர் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பெரியநாயகி மாதா கோயிலுக்கு வருகிறவர்களாக இருப்பார்கள்.

சினிமாவும் எங்கள் பக்கத்துக்குப் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்துதான் வந்தது. 1905ஆம் வருஷம், திருச்சி. ரயில்வேயில் படம் வரையும் வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார், கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். அந்தச் சுருள்களில் இயேசுவின் வாழ்க்கையும் இருந்தது. ஈஸ்டருக்கு பாஸ்கா நாடகம் போடும் ஊர்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், வெள்ளைத் துணிமேல் சிலுவை சுமந்து நடந்த உருவத்தைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதே 1905இல்தான் பாரீஸில் மாக்ஸ் லிண்டர் என்ற இளைஞர் பாத்தே கம்பெனியில் நடிக்கச் சேர்ந்தார். உயரத் தொப்பி, கையில் தடி, மடிப்புக் கலையாத கோட்டு. பெண் பார்க்கப் புறப்படுவார், போகிற வழியெல்லாம் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். சில நிமிஷத் துண்டுப் படங்கள்தான். காதலிக்கிறவன் சிரிப்புக்கு இடமாகலாம், அப்படி ஆனாலும் அவன் காதல் மட்டமாகிவிடாது என்பதைத் திரையில் முதலில் நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். சாப்ளின் தன் படத்தில் கையெழுத்துப் போட்டு, உங்கள் சீடன் என்று எழுதி அவருக்குக் கொடுத்திருக்கிறார். வின்சென்ட்டும் லிண்டரும் பிறந்தது ஒரே வருஷம், 1883. ஒருவர் பாரீஸில் கேமரா முன்னால் நின்றார், இன்னொருவர் திருச்சியில் புரொஜெக்டருக்குப் பின்னால் நின்றார். இதை நினைத்தாலே எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது நான் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன். 'லெ மில்லியோன்' வெளியான அதே 1931இல் அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானது. தமிழ் கேட்ட முதல் பேசும் படம். அதில் ஒரு சின்ன வேஷத்தில் எல்.வி.பிரசாத் இருந்தார். அவர்தான் 24 வருஷம் கழித்து, 1955 பொங்கலுக்கு வந்த 'மிஸ்ஸியம்மா'வை இயக்கினார். நாயகன் எங்கள் புதுக்கோட்டையில் பிறந்த ஜெமினி கணேசன். 'காதலிக்க நேரமில்லை' 1964இல்தான் வந்தது. காதல் நகைச்சுவை என்றவுடன் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு ஒன்பது வருஷம் முந்திய மிஸ்ஸியம்மாதான். சொந்த மாவட்டத்துக்காரர் படம் என்பதால் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

கதையை நினைவூட்டிவிடுகிறேன். பாலு, மேரி, இரண்டு பேரும் படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள். ஊரில் ஒரு ஜமீன்தார் பள்ளிக்கூடம் நடத்துகிறார். வாத்தியார் வேலைக்குக் கணவன் மனைவியாக இரண்டு பட்டதாரிகள் வேண்டும் என்கிறார். மேரி வீட்டில் கடன். கடன் கொடுத்த டேவிட் என்பவன் பணத்துக்குப் பதில் பெண்ணையே கேட்கிறான் (எம்.என்.நம்பியார், வேறு யார்). வேறு வழியில்லாமல் பாலுவும் மேரியும் புருஷன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். பாலு இந்து, மேரி கிறிஸ்தவள். போன இடத்தில் அவள் இந்துப் பெண்ணாக இருந்தாக வேண்டும். நெற்றியில் குங்குமம், பூஜை, பெரியவர்கள் ஆசீர்வாதம். ஜமீன்தாராக எஸ்.வி.ரங்காராவ், அவர் மனைவியாக ருஷ்யேந்திரமணி. இரண்டு பேரும் இந்தப் பெண்மேல் பாசத்தைக் கொட்டுகிறார்கள். அவர்கள் பாசம் கூடக்கூட மேரிக்கு மூச்சு முட்டுகிறது.

இந்தக் கதையின் மூலம் ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற வங்க நாடகம். படத்தை எடுத்த விஜயா நிறுவனத்தின் சக்ரபாணி வங்க மொழி கற்றவர், சரத்சந்திரரைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர். நாகிரெட்டியோடு சேர்ந்து அம்புலிமாமா பத்திரிகையை நடத்தியவரும் அவரே. அந்தப் பத்திரிகைக் கதைகளில் இருக்கும் தெளிவு இந்தப் படத்திலும் இருக்கிறது. ஒரு காட்சிகூட எதற்கு வந்தது என்று யோசிக்க விடாது.

வீட்டில் இதைப் போட்டபோது அம்மாயியும் உட்கார்ந்து பார்த்தார். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, "இந்தப் புள்ளைக்கு எத்தன கோவம் வருது பாரு! சரியாத்தான் கோவப்படுறா" என்றார். அம்மாயி பிடித்ததுதான் சரியான இடம். மேரியின் கோபம்தான் இந்தப் படத்தை ஓட்டுகிறது. அந்தக் காலத்துப் படங்களில் நாயகிக்குக் கோபம் வந்தால், அது நாயகன் சிரித்து அடக்குவதற்காக வரும். 'அடங்காப்பிடாரி' என்று பேர் வைத்து, கடைசியில் காலில் விழவைப்பார்கள். மேரியின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. தனக்கு நம்பிக்கையில்லாத ஒன்றைத் தினமும் செய்ய வேண்டியிருக்கிறது. பெற்றோர் பட்ட கடனுக்காகத்தான் இத்தனையும் பொறுத்துக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவனோ எல்லாவற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறான். சாவித்திரிக்கு அப்போது இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். புருவத்தை லேசாகச் சுருக்கி, உதட்டை ஒரு பக்கமாக இறுக்கி, வந்த பதிலை விழுங்கிக்கொண்டு திரும்பி நடப்பார். அந்த நடையில் ஒரு முழு வசனம் இருக்கும். இதன் தெலுங்கு வடிவத்துக்கு முதலில் பானுமதியைத்தான் போட்டிருந்தார்கள். தயாரிப்பாளரோடு மனத்தாங்கல் வந்து அவர் விலக, சின்ன வேஷத்துக்கு வந்த சாவித்திரி நாயகியானார். பானுமதி ஒரு மலை, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கோபத்துக்கு அடியில் இந்த ஈரத்தைச் சாவித்திரியைத் தவிர வேறு யாரும் வைத்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ராத்திரி. நல்ல நிலா. பாலு வெளியே நிற்கிறான், மேரி கொஞ்சம் தள்ளி. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. பாலு நிலாவைக் கூப்பிட்டு முறையிட ஆரம்பிக்கிறான்: எனக்கு வாய்த்தவள் இப்படி இருக்கிறாளே, மனைவி என்று பேருக்குத்தான் இருக்கிறாள், இதைக் கேட்க ஆளில்லையா என்கிற மாதிரி. மேரி சும்மா விடுவாளா? அவளும் அதே நிலாவிடம் தன் பக்கத்து வழக்கை வைக்கிறாள். ஏ.எம்.ராஜா, பி.லீலா குரல்கள், எஸ்.ராஜேஸ்வர ராவ் இசை, தஞ்சை ராமையாதாஸ் வரிகள். நிலவொளி மார்க்கஸ் பார்ட்லியின் கைவண்ணம். கறுப்பு வெள்ளையில் நிலாவை அவர் மாதிரிப் பிடித்தவர் நம் பக்கத்தில் இன்னொருவர் இல்லை.

கவனித்துப் பாருங்கள். பாட்டு முழுக்க ஒருவர்மேல் ஒருவர் புகார்தான். ஓர் இனிப்பு வார்த்தை கிடையாது. ஆனால் புகாரை உட்கார்ந்து கேட்பதற்குள்ளேயே ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. ராஜாவின் குரலில் இருக்கிற அந்தக் குழைவு குறை சொல்கிறவன் குரலாகவே இல்லை. லீலா பதில் சொல்லும்போது கோபம் வார்த்தையில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. நேருக்கு நேர் நின்று இதையே பேசியிருந்தால் சண்டை முற்றியிருக்கும். நடுவில் நிலா இருந்ததால் இரண்டு பேருக்கும் மானம் போகாமல் மனம் இளக வழி கிடைத்தது.

முதலில் சொன்ன ஓபரா காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அங்கே வேறு யாரோ பாடும் பாட்டு இரண்டு ஊமைகளுக்கு நடுவே தூது போகிறது. இங்கே இரண்டு பேரும் வாய்விட்டுப் பாடுகிறார்கள், ஆனால் வானத்தைப் பார்த்து. பாரீஸும் விஜயாவின் வடபழனியும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. இரண்டும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காதலைச் சிரிப்போடு சொல்ல வேண்டுமானால் அதை நேராகச் சொல்ல விடக்கூடாது. நடுவில் ஒரு கோட்டு, ஒரு நிலா, ஒரு பொய் இருக்க வேண்டும். அந்தப் பொய்யை இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். சேர்ந்து ஒன்றைக் காப்பாற்றுகிறவர்கள் எத்தனை நாள் அந்நியர்களாக இருக்க முடியும்?

எங்கள் ஊர்ப்பக்கமும் காதல் இப்படித்தான் நடந்திருக்கிறது. அக்கா பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற சாக்கில் ஒரு வார்த்தை, தேர் பார்க்கப் போன இடத்தில் தோழியிடம் உரக்கச் சொல்லும் இன்னொரு வார்த்தை. கேட்க வேண்டியவர் காதில் போய் விழுந்துவிடும். நேராகச் சொன்னதாக யாரையும் எனக்குத் தெரியாது.

ஜெமினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் அவரைக் 'காதல் மன்னன்' என்று ஊர் கொண்டாடியதில் ஒரு விஷயம் மறைந்துபோய்விட்டது. அவர் நல்ல நகைச்சுவை நடிகர். இந்தப் படத்தில் சிரிக்க வைக்க கே.ஏ.தங்கவேலு இருக்கிறார், துப்பறிகிறேன் என்று சுற்றிச் சுற்றி வரும் ராஜுவாக. கே.சாரங்கபாணி இருக்கிறார். அப்படியிருந்தும் ஜெமினி ஒரு காட்சியிலும் வெறும் நாயகனாக நின்றுகொண்டிருக்கவில்லை. பொய் வெளியே வந்துவிடும் போலிருக்கும் இடங்களில் அவர் முகத்தைப் பாருங்கள். எதிரே இருப்பவருக்குப் பணிவான புன்னகை, பக்கத்தில் இருக்கும் மேரிக்குக் கண்ணால் ஒரு கெஞ்சல், இரண்டும் ஒரே நேரத்தில். மாக்ஸ் லிண்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு செய்த அதே வேலை. வேலை தேடும் பட்டதாரி வேஷம் அவருக்குப் பொருந்தியதில் ஆச்சரியமும் இல்லை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் பாடம் நடத்தியவர். அவருடைய தாத்தா புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவருக்கு அத்தை. படிப்பும் பள்ளிக்கூடமும் அந்த வீட்டுக் காற்றிலேயே இருந்தவை.

இன்னொன்று. திரையில் கல்யாணம் ஆகாமலே புருஷன் பெண்டாட்டியாக நடித்த ஜெமினியும் சாவித்திரியும், அந்த நேரத்தில் வெளியுலகம் அறியாமல் கல்யாணம் செய்துகொண்டு அதை மறைத்துவைத்திருந்தார்கள் என்று அவர்களைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் ஒவ்வொரு சண்டையும் வேறு மாதிரி தெரிகிறது. சாவித்திரியின் பிற்கால வாழ்க்கை போன போக்கை நினைத்தால் நெஞ்சு கனக்கும். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

மேரி மாதாவை நினைத்து மேரி பாடும் ஒரு பாட்டு இருக்கிறது. லீலா குரல்தான். எங்கள் ஊர் மாதா திருவிழாவில், பந்தலில் கட்டிய ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான். அது சினிமாப் பாட்டு என்றே ரொம்ப நாள் பலருக்குத் தெரியாது. ஒரு தெலுங்கு நிறுவனம், ஓர் இந்து இயக்குநர், ஒரு இந்து நடிகை. ஆனாலும் அதில் பாவனை கிடையாது. மற்றவர்களுக்காகக் குங்குமம் வைத்துக்கொள்ளும் பெண், தனியாக இருக்கும்போது யாராக இருக்கிறாள் என்பதைப் படம் மதிப்போடு காட்டுகிறது. ஆவூரில் மாதா தேருக்கு வடம் பிடிப்பவர்களில் எந்தக் கை யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. ஜல்லிக்கட்டுக்கு வரும் காளைகளுக்கும் மதம் கிடையாது. ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் இதே ஊரில் பேச்சு மாறும். அதனால்தான் இந்தப் படம் எங்களுக்கு வெறும் சிரிப்புப் படம் இல்லை. பாலுவும் மேரியும் ஒருவரையொருவர் விரும்ப ஆரம்பிக்கும் இடத்தில், எனக்குள்ளே எதிர்பார்ப்பு ஏறுகிறது. இந்தப் பெண் மேரியாகவே அவனைக் கட்டிக்கொள்வாளா?

படம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுற்றிப் போய்விடுகிறது. ஜமீன்தாரின் சின்ன வயதிலேயே தொலைந்துபோன மகள் மகாலட்சுமி இவள்தான் என்று காலில் இருக்கும் மச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். பெற்ற வீடு கிடைத்துவிட்டது, பிறப்பால் இந்து என்று ஆகிவிட்டது, கல்யாணத்துக்குத் தடையே இல்லை. சுபம். 1955இல் இதற்கு மேல் போயிருந்தால் படம் ஓடியிருக்காது என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அத்தனை நேரம் அவ்வளவு துணிச்சலாக நடந்து வந்த படம், வாசற்படியில் நின்றுவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். இதே பிரசாத், இதே ஜெமினியை வைத்து, மீனா குமாரியோடு 1957இல் 'மிஸ் மேரி' என்று இந்தியில் எடுத்தார். மேரி என்ற பேரைத் தலைப்பிலேயே தூக்கி வைத்தவர்கள், அந்தப் பேரோடு அவளைக் கடைசி வரை விட்டிருக்கலாம்.

'லெ மில்லியோன்' படத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. அங்கே தடையாக இருந்தது பணமும் ஒரு கோட்டும் மட்டும்தான். கோட்டு கிடைத்ததும் கடன்காரர்கள் உட்பட எல்லோரும் கைகோத்து ஆடுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் கறை இல்லை, அதனால் அது லேசாக மிதக்கிறது. மிஸ்ஸியம்மா கையில் எடுத்தது அதைவிடக் கனமான ஒன்று. கனமானதை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்ததற்காகத்தான் நான் அதை ஒரு படி மேலே வைக்கிறேன், கடைசிப் பத்து நிமிஷத்தைப் பொறுத்துக்கொண்டு.

அம்மாயிக்கு அந்தப் பத்து நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வணக்கம் போட்டதும் கேட்டார்: "மகாலட்சுமின்னு தெரிஞ்சுபோச்சு, சரி. வளத்த அப்பன் ஆத்தா அந்த மாதா படத்துக்கு முன்னாடி வச்சு வளத்தாங்களே, அதுக்கு என்ன சொல்றா அவ? அதையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"